பார்த்ததை ஒரு பக்கம், நினைத்ததை மறுபக்கம்: உளவியல் ஆய்வுக்கு அவதானிப்புச் செய்வது எப்படி

யாழ்ப்பாணத்தில் உளவியலோ கல்வியியலோ படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வு என்றதும் முதலில் செய்வது வினாக்கொத்து ஒன்றைத் தயாரிப்பதுதான். அதை ஐம்பது நூறு பிரதி எடுத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்து, ஒன்றிலிருந்து ஐந்து வரை அடையாளமிட வைத்து, கணினியில் ஏற்றிவிட்டால் ஆய்வு முடிந்தது என்று நினைக்கிறார்கள். இதில் எனக்கு இரண்டு கவலை. சுனாமிக்குப் பிறகும், 2009க்குப் பிறகும் எத்தனையோ பேர் கொண்டுவந்த படிவங்களை நிரப்பி நிரப்பிச் சலித்த சனம் எங்கள் சனம். கேட்கிறவர் மனம் நோகாமல் ஏதோ ஓர் இலக்கத்தில் கீறிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மற்றது, சில விஷயங்களை ஆட்கள் தங்களைப் பற்றியே அறிந்திருக்க மாட்டார்கள். "பிள்ளை கூப்பிடும்போது நீங்கள் போன் பார்த்துக்கொண்டு இருப்பீர்களா?" என்று ஒரு தாயிடம் கேட்டால் அவர் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் எத்தனை தரம், எவ்வளவு நேரம் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அந்த மாதிரிக் கேள்விக்குப் போய் இருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, நேரம் காட்டும் ஏதோ ஒன்று, நம்பிக்கையான ஒரு நண்பர், இவ்வளவும் போதும். தேவைப்படுவது ஒழுங்கு. அந்த ஒழுங்கை எப்படிக் கட்டுவது என்று ஒரே உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். பின்னேரத்தில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுப்பிரமணியம் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெரியவர்களும் அவர்களுடைய போனும்தான் அந்த உதாரணம்.

கேள்வி கண்ணுக்குத் தெரிய வேண்டும்

"யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் கைபேசிப் பாவனை" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு பூங்கா வாங்கிலில் போய் இருந்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியாது. "பிள்ளை கூப்பிடும் நேரத்தில் பெரியவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், பார்க்காமல் இருக்கும் நேரத்தை விடப் பதில் குறைவாகக் கிடைக்கிறதா?" என்று கேளுங்கள். இதில் வரும் ஒவ்வொன்றையும், கூப்பிடுவது, திரையைப் பார்ப்பது, பதில் சொல்வது எல்லாவற்றையும், தள்ளி இருக்கும் ஒருவர் கண்ணாலும் காதாலும் பிடிக்கலாம். பிடிக்க முடியாத சொல் கேள்வியில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். "பாசம்", "பொறுப்பின்மை", "அடிமையாதல்" எல்லாம் அப்படிப்பட்ட சொற்கள்.

இது கற்பனைக் கேள்வியும் இல்லை. அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் ஜென்னி ரடெஸ்கி என்ற சிறுவர் மருத்துவரும் அவருடைய குழுவும் துரித உணவுக் கடைகளில் இருந்து, பிள்ளைகளோடு சாப்பிட வந்த 55 பெரியவர்களை யாரோடும் கதைக்காமல் அவதானித்து, 2014இல் வெளியிட்டார்கள். 55 பேரில் 40 பேர் அந்தச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசி போன்ற ஏதோ ஒரு கருவியைப் பாவித்திருந்தார்கள். அவர்கள் எண்ணிக்கைத் தாளோடு போகவில்லை. நடந்ததை விரிவாக எழுதி, பிறகு அந்தக் குறிப்புகளை வாசித்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் போக்குகளைப் பிரித்தார்கள். ஒரு விஷயத்தைப் பற்றி அதிகம் தெரியாதபோது அப்படித் தொடங்குவதுதான் சரி.

நீங்களும் எண்ணத் தொடங்குவதற்கு முன் சில பின்னேரங்கள் வெறுமனே எழுதுங்கள். ரொஜர் பார்க்கர், ஹேர்பர்ட் ரைட் என்ற உளவியலாளர்களின் குழு 1949 ஏப்ரல் 26ஆம் திகதி, அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்துச் சிறு பட்டினம் ஒன்றில், ஏழு வயதுப் பையன் ஒருவனை அவன் எழும்பியதிலிருந்து படுக்கும் வரை ஆள் மாறி ஆள் பின்தொடர்ந்து, அவன் செய்த எல்லாவற்றையும் எழுதியது. அந்த ஒரு நாள் பிறகு ஒரு முழுப் புத்தகமாக வந்தது. உங்களுக்கு அரை மணித்தியாலம் போதும். அரை மணித்தியாலம் விடாமல் எழுதினால் கை உளையும், அதோடு நீங்கள் எவ்வளவைத் தவறவிடுகிறீர்கள் என்பதும் தெரியவரும்.

கொப்பியை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள்

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நான் நம்புகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இடது ஓரத்தில் நேரம். நடுவில் அகலமான இடம், அதில் பார்த்ததும் கேட்டதும் மட்டும். வலது பக்கத்தில் ஒடுக்கமான ஓர் இடம், அதில் நீங்கள் நினைத்தது.

"அம்மா பிள்ளையைக் கவனிக்கவேயில்லை" என்று நடுவில் எழுதாதீர்கள், அது உங்கள் தீர்ப்பு. "பிள்ளை 'அம்மா' என்று இரண்டு தரம் கூப்பிட்டது. அம்மாவின் கண் திரையில். பிள்ளை கையைப் பிடித்து இழுத்தது. அம்மா கண்ணை எடுக்காமல் 'ம்' என்றார். பிள்ளை ஊஞ்சல் பக்கம் ஓடியது" என்று எழுதுங்கள். வலது பக்கத்தில் வேண்டுமென்றால் "சலிப்போ? களைப்போ? அவசரச் செய்தியோ?" என்று போடலாம். நடுப் பக்கத்தை இன்னொருவர் வாசித்து உங்களோடு சண்டை பிடிக்க ஏதும் இருக்கக்கூடாது. சண்டைக்குரியது எல்லாம் வலது பக்கத்தில் இருக்கட்டும்.

எங்கள் ஊருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே போன் என்பது பல குடும்பங்களுக்கு குடும்பத்தின் மற்றப் பாதி. அப்பா பிரான்சில், பெரியம்மா கனடாவில், அம்மம்மா லண்டனில். பூங்காவில் ஒரு தாய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கண் திரையில்தான் இருக்கிறது. வேறு நாட்டில் செய்த குறியீட்டுத் தாளை, அதாவது எதைக் கண்டால் எந்தக் குறி போடுவது என்று வரையறுத்த தாளை, அப்படியே கொண்டுவந்து பாவித்தால் "கவனம் சிதறிய தாய்" என்று ஒரு கீறு விழும். உண்மையில் அவர் சறுக்கு மரத்தில் ஏறும் மகனை, பாரிசில் இருக்கும் தகப்பனுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டு நிற்கிறார். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்து "அப்பா, பாருங்கோ" என்று கத்துகிறது. இதையும் தனியாக இருந்து காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதையும் ஒரே கட்டத்துக்குள் போட்டால் எங்கள் குடும்பங்களைப் பற்றிப் பிழையான ஒரு கதையை நாங்களே எழுதிவிடுவோம். சும்மா இருந்து எழுதிய அந்தப் பின்னேரங்களில்தான் இப்படியான விஷயங்கள் அகப்படும்.

எதை எந்தக் கட்டத்தில் போடுவது

இப்போது வரையறை. இந்த உதாரணத்துக்கு நான் நான்கு குறிகள் வைப்பேன். கண் தொடர்ந்து மூன்று செக்கனுக்கு மேல் திரையில் இருந்தால் "திரை". காதில் வைத்துக் கதைத்தால் "காது". பிள்ளையும் பெரியவரும் ஒரே திரையைப் பார்த்தாலோ, பிள்ளையும் சேர்ந்த வீடியோ அழைப்பாக இருந்தாலோ "கூட்டு". மற்ற நேரமெல்லாம், போன் கையில் சும்மா இருந்தாலும்கூட, "இல்லை". ஐந்தாவதாக "தெரியவில்லை" என்று ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் யாராவது குறுக்கே வந்து நிற்பார்கள், அல்லது அவர் முதுகைக் காட்டித் திரும்பிவிடுவார். அந்த நேரத்தில் ஊகித்து நிரப்பக்கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு குறிதான் பொருந்த வேண்டும், எந்த நேரத்துக்கும் ஏதாவது ஒரு குறி பொருந்த வேண்டும். இந்த இரண்டையும் சோதித்துப் பாருங்கள். பதிலுக்கும் அப்படியே. பிள்ளை கூப்பிட்ட ஐந்து செக்கனுக்குள் பார்த்தால், பேசினால், தொட்டால் "பதில்". பார்க்காமல் "ம்" போட்டால்? அதைப் பதில் என்று எடுப்பதா இல்லையா என்பதை வீட்டில் இருந்தே முடிவெடுத்து எழுதிவையுங்கள். நான் அதற்குத் தனிக் குறி கொடுப்பேன். மூன்று செக்கன், ஐந்து செக்கன் என்பது நான் வைத்த எல்லை, நீங்கள் வேறு வைக்கலாம். ஆனால் ஆய்வின் நடுவில் மாற்றக்கூடாது.

முன்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டைப் பார்க்கப் போகிறவர்கள் புதிதாக வரையறை உண்டாக்கத் தேவையில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆறு பிரிவுகள் இருக்கின்றன: ஒன்றிலும் ஈடுபடாமல் இருப்பது, தனியாக விளையாடுவது, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, பக்கத்தில் இருந்தும் தன்பாட்டில் விளையாடுவது, கலந்து விளையாடுவது, ஒன்றுசேர்ந்து ஒரே நோக்கோடு விளையாடுவது. அவர் ஒரு பிள்ளையை ஒரு நிமிடம் பார்த்துக் குறித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனார். இன்றைக்கும் அந்தப் பிரிவுகள் பாவனையில் இருப்பதற்குக் காரணம் வரையறைகள் அவ்வளவு தெளிவு.

யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

எங்கள் கண் சத்தம் வரும் பக்கம்தான் போகும். அழுகிற பிள்ளை, ஏசுகிற தகப்பன், விழுந்து எழும்புகிறவர். கென்யாவில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தச் சிக்கலை எடுத்துப் பேசி, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும், குறித்த நேரம் முழுக்கப் பார்க்கும் முறையை வலியுறுத்தியது. குரங்குக்குச் சொன்னது மனிதருக்கும் சரி. ஆகவே யாரைப் பார்ப்பது என்பதை முன்பே எழுதிவைத்த ஓர் ஒழுங்குவிதியிடம் விடுங்கள், உங்கள் விருப்பத்திடம் விடாதீர்கள். நான் போய் இருந்த பிறகு வாசலால் வரும் மூன்றாவது குடும்பம், அவர்களைப் பத்து நிமிடம், முடிந்ததும் மறுபடி மூன்றாவது குடும்பம். அவர்கள் பத்து நிமிடமும் ஒன்றுமே செய்யாமல் கச்சான் கொறித்துக்கொண்டு இருந்தாலும் அதுவும் தரவுதான்.

பத்து நிமிடத்தைப் பதினைந்து செக்கன் துண்டுகளாக வெட்டினால் நாற்பது வரிகள். பத்துச் செக்கன் பார்ப்பது, ஐந்து செக்கன் குறிப்பது. ஒரு காதில் இயர்போன் மாட்டி, பதினைந்து செக்கனுக்கு ஒரு தரம் ஒலிக்கும் சத்தம் ஒன்றைப் போட்டுக்கொண்டால் கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை. அல்பேர்ட் பண்டுராவின் குழு 1961இல் பொம்மையை அடிக்கும் அந்தப் புகழ்பெற்ற பரிசோதனையில் 72 பிள்ளைகளையும் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, ஆளுக்கு இருபது நிமிடம், ஐந்து செக்கனுக்கு ஒரு பதிவாகப் பார்த்து, பிள்ளை ஒன்றுக்கு 240 பதிவுகள் எடுத்தது. அது அறைக்குள். வெயிலில் வாங்கிலில் இருந்துகொண்டு ஐந்து செக்கன் வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

துண்டுக்குள் ஒரு கணம் நடந்தாலும் கீறு போடுகிற முறை, அந்தச் செயலின் நேரத்தைக் கூட்டிக் காட்டும். துண்டு முழுக்க நடந்தால்தான் கீறு என்றால் குறைத்துக் காட்டும். ஒலி கேட்கும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் குறித்தால் நேரக் கணக்கு உண்மைக்குக் கிட்ட வரும், ஆனால் சட்டென்று நடந்து முடியும் செயல்கள் தப்பிவிடும். திரை பார்ப்பதற்கு இந்தக் கடைசி முறை பொருத்தம். பிள்ளை கூப்பிடுவது சட்டென்று நடப்பது, ஆகவே அதை நேரத் துண்டுக்குள் அடக்காமல், நடக்கிற ஒவ்வொரு தடவையும் தனித் தாளில் குறிக்க வேண்டும், கூப்பிட்ட அந்தக் கணத்தில் பெரியவர் திரையில் இருந்தாரா என்பதையும் சேர்த்து. ஒருவர் இரண்டையும் செய்தால் இரண்டும் பழுதாகும். வேலையை இரண்டு பேராகப் பிரியுங்கள்.

நேரத்தையும் நாளையும் பரப்புங்கள். பள்ளிக்கூடம் விட்டு ரியூசன் போகிற நாளும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றல்ல. நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் ஊரே வேறு மாதிரி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் அதிகம். அந்த நாட்களில் மட்டும் தரவு எடுத்துவிட்டு "யாழ்ப்பாணத்துப் பெற்றோர்" என்று எழுத முடியாது.

எழுதிக்கொண்டு இருப்பவரைப் பார்த்தால் சனம் என்ன நினைக்கும்

பாடப்புத்தகத்தில் இதை "அவதானிப்பவர் இருப்பதால் நடத்தை மாறுதல்" என்று ஒரு பந்தியில் முடித்துவிடுவார்கள். சிக்காகோவுக்குப் பக்கத்தில் இருந்த ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த, கவனிக்கப்படுகிறோம் என்றதும் தொழிலாளர் நடத்தை மாறியதாகச் சொல்லப்படும் ஆய்வுகளைச் சொல்வார்கள், ஆட்கள் பழகும் வரை முதல் சில அமர்வுகளின் தரவை விட்டுவிடச் சொல்வார்கள். முன்பள்ளி, வகுப்பறை போன்ற இடங்களுக்கு அந்த ஆலோசனை நல்லது. போய் இருங்கள், பிள்ளைகள் உங்களைச் சுற்றி வந்து பேர் கேட்டு அலுத்துப்போகட்டும், பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் பொது இடத்தில் ஒருவர் ஆட்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பதற்கு வேறொரு பாரம் இருக்கிறது. பல வருடங்கள் சோதனைச் சாவடிகளுக்குள்ளும் பதிவுகளுக்குள்ளும் வாழ்ந்த ஊர் இது. தன்னைப் பற்றி யாரோ எழுதுகிறார் என்று ஒருவர் பயப்பட்டால் அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு, ஆய்வாளர் அதை மதிக்க வேண்டும். கம்பஸ் அடையாள அட்டையும் மேற்பார்வையாளரின் கடிதமும் பையில் இருக்கட்டும். பூங்காப் பொறுப்பாளரிடம், கடையென்றால் முதலாளியிடம், முன்கூட்டியே சொல்லி அனுமதி எடுங்கள். யாராவது வந்து "தம்பி, என்ன எழுதுறீர்?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள், விரும்பினால் தாளைக் காட்டுங்கள், "எங்களை விடுங்கோ" என்றால் அந்த வரிகளை அவர் கண்முன்னாலேயே வெட்டுங்கள். படமோ வீடியோவோ எடுக்கவே வேண்டாம்.

பொது இடத்தில், முன்பின் தெரியாதவர்கள் தங்களைப் பார்க்கக்கூடும் என்று ஆட்கள் எதிர்பார்க்கும் இடத்தில், பெயரில்லாமல் அவதானிப்பதைப் பொதுவாக நெறிமுறைகள் ஏற்கும். எங்கள் ஊர் சின்னது என்பதை அதோடு சேர்த்து யோசியுங்கள். "நீலச் சட்டை போட்ட, இரட்டைப் பிள்ளைகளோடு வந்த, வலது கையில் கட்டுப் போட்ட தாய்" என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமன், வாசிக்கிறவரில் ஒருவருக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். இலக்கம், ஏறத்தாழ வயது, பிள்ளை எத்தனை, அவ்வளவு போதும். அந்த மூன்றாவது குடும்பம் உங்களுக்குத் தெரிந்த குடும்பமாக இருந்தால் அடுத்ததை எடுங்கள். முன்பள்ளி போன்ற மூடிய இடங்களுக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. எங்கே போவதென்றாலும் பீடத்தின் நெறிமுறைக் குழு சம்மதித்த பிறகுதான் முதல் தாளை எடுக்க வேண்டும்.

ஆள் யாரென்று சொல்லாமல் ஒரு குழுவுக்குள் சேர்ந்து இருந்து பார்க்கும் முறை இளையவர்களைக் கவர்கிறது. மாணவர் ஆய்வுக்கு நான் அதை ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ஆள்

நீங்கள் எதிர்பார்ப்பதைத்தான் நீங்கள் காண்பீர்கள். இது குணக்குறைவு இல்லை, எல்லாருக்கும் நடப்பது. ரொபேர்ட் ரொசென்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு எலிகளைக் கொடுத்து, சிலரிடம் இவை கெட்டிக்கார எலிகள் என்றும் மற்றவர்களிடம் இவை மந்தமானவை என்றும் சொன்னார்கள். எலிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை. கெட்டிக்கார எலி என்று நம்பியவர்களின் எலிகளுக்கே நல்ல பெறுபேறு வந்தது. எலிக்கே அப்படியென்றால் போனோடு இருக்கும் தாயைப் பார்த்து ஏற்கனவே கோபப்பட்ட ஒருவருடைய தாளில் என்ன விழும்?

அதனால் நண்பர் ஒருவருக்கு வரையறைகளை மட்டும் கற்பியுங்கள், உங்கள் கருதுகோளைச் சொல்லாதீர்கள். இருவரும் சேர்ந்து பழகுங்கள், ஒவ்வாத இடங்களைக் கதைத்து வரையறையைத் திருத்துங்கள். பழகிய நாட்களின் தரவை முடிவில் சேர்க்கக்கூடாது. பிறகு மொத்த அமர்வுகளில் ஒரு பகுதியையாவது இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் குறியுங்கள்.

எவ்வளவு ஒத்துப்போனது என்று பார்க்க வெறும் நூற்றுவீதம் போதாது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும், ஜேக்கப் கோஹன் 1960இல் கொடுத்த காப்பா என்ற அளவை கையாலேயே போடலாம். நூறு துண்டுகளில் இருவரும் "திரை" என்றது 40, இருவரும் "திரை இல்லை" என்றது 45, நீங்கள் மட்டும் "திரை" என்றது 10, நண்பர் மட்டும் என்றது 5 என்று வையுங்கள். ஒத்துப்போனது 85, அதாவது 0.85. இனித் தற்செயலாக எவ்வளவு ஒத்துப்போயிருக்கும் என்று பாருங்கள். நீங்கள் மொத்தமாக 50 தரம் "திரை" என்றீர்கள், நண்பர் 45 தரம். 0.50ஐ 0.45ஆல் பெருக்கினால் 0.225, "இல்லை" பக்கம் 0.50ஐ 0.55ஆல் பெருக்கினால் 0.275, கூட்டினால் 0.50. 0.85இலிருந்து 0.50ஐக் கழித்தால் 0.35, அதை ஒன்றிலிருந்து 0.50 போக மிஞ்சும் 0.50ஆல் பிரித்தால் 0.70. மாணவர் ஆய்வுக்கு இது நல்ல எண். அரிதாக நடக்கும் செயல்களில்தான் நூற்றுவீதம் ஏமாற்றும். "பிள்ளையை ஏசினார்" என்பது நூறில் நாலைந்து தரமே நடந்தால், இருவரும் கவனிக்காமல் எல்லாத் துண்டுக்கும் "இல்லை" போட்டாலே ஒற்றுமை நூற்றுக்கு நூறு வந்துவிடும்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது

திரை பார்க்கும் நேரத்தில் பதில் குறைவு என்று வந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். போன்தான் காரணம் என்று எழுத முடியாது. வேலையால் களைத்து வந்தவர் போனையும் எடுத்திருக்கலாம், பிள்ளைக்குப் பதில் சொல்லாமலும் இருந்திருக்கலாம். காரணம் தேடவேண்டுமென்றால் நிலைமையை நீங்களே அமைக்க வேண்டும். மேரி ஐன்ஸ்வேர்த் அந்த வழியில் போனவர். 1950களில் உகண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுகளிலேயே பார்த்தார், பிறகு அமெரிக்காவின் பால்ட்டிமோரில் மறுபடி வீடு வீடாகப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் தாய் அறையை விட்டுப் போய்த் திரும்பி வரும், இருபது நிமிடமளவில் முடியும் அந்த ஆய்வுகூட முறையை வகுத்தார். அதிலும் அவர் போட்டது மனிதர் அமைத்த நிலைமைக்குள் நடக்கும் அவதானிப்புத்தான், அதற்கு அடித்தளம் வீடுகளில் எழுதிய குறிப்புகள்.

மூலத் தாள்களை எறியாதீர்கள். டேவிட் ரோசன்ஹான் 1973இல் வெளியிட்ட, போலி நோயாளிகள் மனநல மருத்துவமனைகளுக்குள் சேர்ந்த கதையைப் பல ஆண்டுகள் எல்லோரும் பாடமாகப் படித்தார்கள். சுசானா கஹாலன் என்ற பத்திரிகையாளர் தேடிப் போய் 2019இல் எழுதியபோது, அந்தப் போலி நோயாளிகளில் பெரும்பாலானோரை அடையாளம் காணவே முடியவில்லை, கிடைத்த பதிவுகளும் கட்டுரையும் முரண்பட்ட இடங்கள் இருந்தன. உங்கள் ஆய்வைப் பற்றி ஒருவர் கேட்டால் கொப்பியை எடுத்து மேசையில் வைக்க முடிய வேண்டும்.

அறிக்கையில் எத்தனை குடும்பம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை துண்டு "தெரியவில்லை" என்று போனது, எத்தனை பேர் விடச் சொன்னார்கள், காப்பா எவ்வளவு, இவை எல்லாம் வரவேண்டும். வரையறைகளை முழுதாகப் போடுங்கள், சுருக்க வேண்டாம். குறியீட்டுத் தாளின் வெற்றுப் பிரதி ஒன்றையும் பின்னிணைப்பில் சேருங்கள். அப்போது அடுத்த வருடம் சாவகச்சேரியிலோ பருத்தித்துறையிலோ இன்னொரு மாணவி அதே தாளை எடுத்துக்கொண்டு போய் உங்கள் முடிவு அங்கேயும் நிற்கிறதா என்று பார்க்கலாம்.